வாசகர் வட்டத்தில் வாசிக்கத் தெரியாத மாணவர்: உங்கள் வகுப்பறை அனுபவங்களைப் பகிருங்கள்

ஏழாம் வகுப்பு ஆசிரியை, நாகை மாவட்டம்

எங்கள் வாசகர் வட்டம் நடக்கும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பள்ளிகளிலும் ஏறத்தாழ இதே முறைதான் இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தரையில் வட்டமாக அமர்ந்து, வீட்டுக்கு எடுத்துச் சென்ற புத்தகத்தைப் பற்றி ஒவ்வொருவராகப் பேச வேண்டும். அதில் எப்போதும் முதலில் கை தூக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் கதை சொன்னால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் சன்னலோரம் வந்து நிற்பார்கள். புத்தகத்தில் மூன்று வரியில் முடிந்துவிடும் மழைக்காட்சியை, ஓடு ஒழுகுவது, பாத்திரம் வைப்பது, பாத்திரம் நிரம்புவதற்குள் ஆட்டுக்குட்டி உள்ளே வந்து அதைக் கவிழ்ப்பது என்று அவன் நீட்டிச் சொல்லும்போது குறுக்கிட மனம் வராது.

சென்ற மாதம் அவன் சொன்ன கதையின் முடிவு, நான் படித்திருந்த முடிவாக இல்லை. "கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை வாசி, தம்பி" என்றேன். புத்தகத்தைத் திறந்தான், விரல் முதல் சொல்லின் கீழ் நின்றது, அங்கிருந்து நகரவில்லை. அப்போது அவனுக்கு இடப்புறம் இருந்த மாணவி, நான் ஏதோ அவளிடம் கேட்டதுபோல, அந்த வரியை உரக்க வாசிக்கத் தொடங்கினாள். வலப்புறத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துச் சேர்ந்துகொண்டான். எதிரில் இருந்த இருவர் எழுந்து வந்து பின்னால் நின்று சேர்ந்தார்கள். அவனும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். பக்கம் முடிந்ததும் அந்தச் சிறுமி என்னைப் பார்த்து, "எல்லாரும் சேந்தே வாசிச்சிட்டோம் டீச்சர்" என்றாள்.

பிறகு விசாரித்ததில், ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் அவள்தான் அவனுக்கு அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறாள் என்று தெரிந்தது. வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்த செய்தி அது. நான் அவளைக் கண்டிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. அந்த வட்டம் அவனைத் தாங்குகிறதா, அல்லது மறைத்து வைத்திருக்கிறதா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஈராசிரியர் பள்ளி, தருமபுரி மாவட்டம்

என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. வாசிக்கத் தெரிந்த குழந்தை விளையாட்டையே முடித்து வைத்த கதை. கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் அந்தாதி விளையாட்டை எல்லோரும் விளையாட வைத்திருப்பீர்கள். சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் அதன் உயிர்மெய் வரிசையில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. மரம், மோர், ராத்திரி என்று ஓடும். யாராவது யானை என்று சொன்னால் அடுத்தவர் திணறுவார். ன-வில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை.

நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கவனித்துவிட்டாள். ஒருநாள் தன் முறை வந்ததும் "தமிழ்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த பையன் ழ, ழா, ழி என்று வரிசை முழுதும் முனகிப் பார்த்துவிட்டுத் தோற்றான். அடுத்த சுற்றில் தேள், அதற்கடுத்து மண், பிறகு ஆறு. நாலைந்து சுற்றுக்குள் ஆட்டத்தில் யாரும் மிஞ்சவில்லை. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது ண், ள், ழ், ற், ன் என்று ஐந்து தலைப்புகளிட்டு, ஒவ்வொன்றின் கீழும் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தது தெரிந்தது. எந்தெந்த எழுத்துகள் சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியம் மொழிமரபு என்னும் இயலில் வகுத்துச் சொல்வதை, அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு சிறுமி, பக்கத்து பெஞ்சுக்காரனைத் தோற்கடிப்பதற்காகத் தானே கண்டுபிடித்திருந்தாள்.

ல-வும் ர-வும்கூடத் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவைதான். ஆனாலும் ல-வில் முடிந்தால் லாரி, லட்டு என்று சொல்ல அனுமதிக்கிறேன். இல்லாவிட்டால் கடல், பல் என்று சொல்லியே எல்லோரும் எல்லோரையும் வீழ்த்திவிடுவார்கள்.

தமிழாசிரியர், மதுரை

தருமபுரி ஆசிரியருக்கு முதலில் ஒரு சொல்: லாரியை அனுமதிப்பது பிழை. இலட்டு என்று எழுதப் பழக்க வேண்டிய வகுப்பில் நாமே லகரத்தைச் சொல்லின் முதலில் வைக்கக் கூடாது. விளையாட்டு என்றாலும் அது மொழிப்பாட நேரம்தான்.

நாகை ஆசிரியைக்கு: இதே நிலை எனக்கும் நேர்ந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன் புத்தகத்தைப் பற்றி வரைந்து மட்டுமே வருவான். கேட்டால் "எனக்குப் படம்தான் சார் வரும்" என்பான். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து நான் வந்து சேர்ந்த சில முடிவுகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பொறுப்பு அட்டைகளைப் பயன்படுத்துவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வினா கேட்பவர், சொல் தேடுபவர், படம் வரைபவர், வாழ்க்கையோடு பொருத்திச் சொல்பவர் என்று அட்டைகளைப் பிரித்துத் தருகிறோம். யார் எந்த அட்டையை விரும்பி எடுக்கிறார் என்று விட்டுவிட்டால், வாசிக்கத் தெரியாதவர் ஆண்டு முழுதும் படம் வரைபவராகவே இருந்துவிடுவார். அட்டை கட்டாயம் சுழல வேண்டும்.

இரண்டாவது, வட்டத்தில் வைத்து யாரையும் சோதிக்கக் கூடாது. ஒவ்வொரு மாணவரையும் தனியே அழைத்து, பழக்கமில்லாத ஒரு சிறு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போதுதான் எங்கே இடறுகிறார்கள் என்பது தெரியும். பலருக்கு க, ச, ட, த எல்லாம் தெரிந்திருக்கும். கொம்பு வந்தால் நின்றுவிடுவார்கள். கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பிறகு வருகிறது. கொ, கோ, கௌ என்றால் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. உகர, ஊகார வரிசைகளோ இன்னும் சிக்கல். கு, சு, டு, து, ழு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. இந்த இடத்தில் தடுமாறும் பிள்ளை, முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தை வைத்து மீதியை ஊகிக்கப் பழகிக்கொள்கிறது. ஊகம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு காலம் குறை வெளியே தெரியாது. உங்கள் மாணவனின் மழைக்காட்சி அப்படிப்பட்ட ஊகத்தின் விளைவுதான் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது, நிலை பிரித்துப் புத்தகம் தருவது. தமிழக அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான எண்ணும் எழுத்தும் 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வந்தன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள், எளிதிலிருந்து கடினம் வரை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வகையாக வந்துள்ளன. ஏழாம் வகுப்பு என்பதற்காக அவனுக்குப் "பற" கொடுப்பதில் பொருளில்லை. "நுழை"யில் தொடங்கி, இணையர் வாசிப்பு, எதிரொலி வாசிப்பு என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஆசிரியர் ஒரு வரி, மாணவர் அதே வரி, விரல் சொல்லின் கீழ் நகர வேண்டும். விரலைக் கவனித்தாலே, கண் வாசிக்கிறதா, காது வாசிக்கிறதா என்பது புரிந்துவிடும். ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய சிறுவர் இதழ்களிலிருந்து சிறு பகுதிகளை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டால், முழுப் புத்தகத்தின் மிரட்டல் இல்லாமல் தொடங்கலாம்.

வாசித்துக் காட்டும் மாணவியைத் தடுக்க வேண்டாம். ஆனால் வியாழக்கிழமை மாலை அவள் வாசிக்கட்டும், வெள்ளிக்கிழமை காலை அவன் உங்களிடம் ஒரு பத்தியை வாசிக்கட்டும்.

நூலகப் பொறுப்பில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

மதுரை ஐயாவின் மூன்றாவது அறிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பள்ளியில் புத்தகங்களுக்கு எளிது, நடுத்தரம், கடினம் என்று பச்சை, மஞ்சள், சிவப்புத் தாள்களை முதுகில் ஒட்டி வைத்திருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தினத்தாளால் அட்டை போட்ட புத்தகத்தோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பாடநூலைத் தவிர வேறெதற்கும் அவன் அட்டை போட்டு நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் மடியில் கவிழ்த்துக்கொண்டான். வாங்கிப் பிரித்தால் உள்ளே பச்சைத் தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துச் செல்லும் மீன் கதை. "சிரிப்பாங்க சார்" என்றான், அவ்வளவுதான். அன்று மாலையே எல்லாத் தாள்களையும் உரித்தோம். பசை போகாமல் முதுகெல்லாம் பிசுபிசுத்தது வேறு விஷயம்.

நிலை ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும், புத்தகத்தின் முதுகில் எழுதியிருக்க வேண்டியதில்லை. எளிய புத்தகத்தையும் கடினப் புத்தகத்தையும் ஒரே கயிற்றில் கலந்து தொங்கவிட்டால் யார் எதை எடுத்தார் என்று ஒருவரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் 1931-இல் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது, சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. இன்றும் பல பள்ளிகளில் புத்தகம் இரும்பு பீரோவிலும், சாவி தலைமையாசிரியர் மேசையிலும் இருக்கிறது. கிழிந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற அச்சம்தான் காரணம். அந்த அச்சம் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடுகிறது. நன்றாக வாசிப்பவன் துணிந்து எடுப்பான். தடுமாறுகிறவன் கிழித்துவிடுவோமோ என்று தொடவே மாட்டான்.

இடைநிலை ஆசிரியை, கோவை மாவட்டம்

நாகை டீச்சர், மாணவனின் கதைத்திறனை ஊகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என் வகுப்பில் நாடக வாசிப்பு நடத்துகிறோம். மனப்பாடம் கிடையாது, ஒப்பனை கிடையாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு குரலால் மட்டும் நடிக்க வேண்டும். தடுமாறும் பிள்ளைக்கு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னால் அது தண்டனை. நாளைக்கு அரங்கேற்றம் என்றால் அதுவே ஒத்திகை.

ஐந்தாம் வகுப்பில் வாசிப்பு மிகவும் மெதுவான ஒரு மாணவிக்குக் காகத்தின் வசனத்தைக் கொடுத்தோம். "கா, கா" என்பதோடு இரண்டு வரிதான். ஒத்திகையில் அவள் எழுந்து, "டீச்சர், காக்கா எப்பவும் மரத்துமேலதானே இருக்கு, எல்லாத்தையும் பாத்திருக்குமில்ல? அப்ப கதை சொல்றதும் அதுவா இருக்கட்டும்" என்றாள். கதைசொல்லிக்குத்தான் மிக நீண்ட பகுதி. வகுப்பில் சிலர் சிரித்தார்கள். தாளை வாங்கிக்கொண்டு சத்துணவு இடைவேளையில் தட்டைக் கழுவிவிட்டு வந்து தூணோரம் நின்று ஒவ்வொரு வரியாக முணுமுணுத்தாள். அரங்கேற்றத்தில் இரண்டு இடங்களில் நின்றாள். நின்ற இடத்தில் "கா" என்று கத்திச் சமாளித்துவிட்டு அடுத்த சொல்லைக் கண்டுபிடித்தாள். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அது தடுமாற்றமா நடிப்பா என்று.

உங்கள் மாணவன் சொல்லும் கதையை அவன் சொல்லும்போதே யாரையாவது எழுதச் சொல்லி, அந்தத் தாளையே அவனுக்கு வாசிப்புப் பாடமாகக் கொடுத்துப் பாருங்கள். சொற்கள் அவனுடையவை என்பதால் அடுத்து என்ன வரும் என்பது அவனுக்குத் தெரியும். எழுத்தை மட்டும் பார்த்தால் போதும்.

ஏழாம் வகுப்பு ஆசிரியை, நாகை மாவட்டம்

கோவை டீச்சர் சொன்னபடி செய்து பார்த்தேன். அவன் சொல்ல, அந்தச் சிறுமி எழுத, ஒரு பக்கம் வந்தது. மறுநாள் தனியே அழைத்து வாசிக்கச் சொன்னேன். மதுரை ஐயா எச்சரித்ததுபோல் முதல் நான்கு வரிகளில் விரல் ஓரிடத்திலும் வாய் வேறிடத்திலும்தான் இருந்தன. கொம்பு வந்த இடமெல்லாம் ஊகம். ஐந்தாவது வரியில் விரலை வைத்தவன் நின்று, "இது தப்பு டீச்சர். நான் ஆட்டுக்குட்டின்னு சொன்னேன், இவ ஆடுன்னு எழுதியிருக்கா" என்றான். எழுதியவளை அழைத்துக் கேட்டால், இடம் போதவில்லை என்கிறாள். இருவருக்கும் சண்டை. திருத்தத்தை அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன். ட்-டுக்குப் புள்ளி வைப்பதா வேண்டாமா என்று வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மன்னார்குடி ஐயா, கயிற்றில் தொங்கவிடும் புத்தகங்களின் தையல் விட்டுப் போகாமலிருக்க என்ன செய்தீர்கள்? எங்களிடம் இருப்பவை நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள்.

நூலகப் பொறுப்பில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பின்னைக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் கோணி ஊசியால் கெட்டி நூலைக் கோத்துத் தைத்துவிடுங்கள். கடலோர ஊரில் பின் துருப்பிடித்துத் தாளையும் அரித்துவிடும். கயிற்றில் கிளிப் போட்டு மாட்டாமல், விரித்த புத்தகத்தைக் கயிற்றின் மேல் கவிழ்த்துப் போடுங்கள்.

ஈராசிரியர் பள்ளி, தருமபுரி மாவட்டம்

மதுரை ஐயாவுக்கு: இலட்டு என்று எழுதப் பழக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை வாய்திறந்து லாரி என்று சொல்லும்போது, அதை "இலாரி" என்று திருத்தினால் வகுப்பே சிரித்து ஆட்டம் நின்றுவிடும். ல, ர இரண்டுக்கும் என் பள்ளியில் விதிவிலக்கு தொடரும்.