கீ பாலம் இல்லாத இரண்டு வருஷம்: அவரவர் அனுபவத்தை எழுதுங்கள்

டண்டாக்வாசி:

2026 மார்ச் 26 வந்தால், அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் மோதி கீ பாலம் விழுந்து இரண்டு வருஷம். டிவியில் கப்பலைக் காட்டினார்கள், துறைமுகத்தைக் காட்டினார்கள். பாலத்துக்கு இக்கரையிலும் அக்கரையிலும் குடியிருக்கிறவர்கள் என்ன ஆனோம் என்று நாமாவது எழுதி வைப்போமே.

முதலில் என் கதை. வீடு டண்டாக்கில். வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், க்ளென் பர்னியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அன்று ராத்திரி ஒன்றரை மணி வாக்கில் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது. சரக்கு ரயில் என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டேன். நாலு மணிக்கு மதுரையிலிருந்து அம்மா. "நீ டெய்லி போற பாலம்தானடி அது? டிவியில திரும்பத் திரும்பக் காட்டுறான்." அங்கே அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். என் வீட்டுப் பக்கத்தில் நடந்ததை மதுரை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பாலம் இருந்தவரை ஆபீஸ் 20 நிமிடம். இப்போது துறைமுகத்துக்கு அடியில் போகிற டனல் வழி. காலையில் 40 நிமிடம், சாயங்காலம் சாமி விட்ட வழி. பையனின் டே கேர் ஆறு மணிக்கு மூடும். அதற்கு மேல் நிமிடத்துக்கு ஒரு டாலர் அபராதம். பணம்கூடப் போகட்டும், எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு பையை மாட்டிக்கொண்டு டீச்சரோடு வாசலில் நிற்கிற அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கைகொடுத்தார். அவர் கணவர் ஸ்பாரோஸ் பாயிண்ட் இரும்பாலையில் வேலை பார்த்தவர். 1977-ல் பாலம் திறந்தபோது இரண்டு பேரும் வேலையே இல்லாமல் சும்மா அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தார்களாம். டே கேர் படிவத்தில் 'கூட்டிச்செல்ல அனுமதி உள்ளவர்' என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். உறவு என்ற கட்டத்தில் 'பாட்டி' என்றே போட்டேன்.

முருகன் ரூட்:

நான் பெட்ரோல் டேங்கர்களுக்கு ரூட் போட்டுக் கொடுக்கிறவன். கார்க்காரர்களுக்கு 95, 895 நெடுஞ்சாலைகளில் ஆளுக்கொன்றாக இரண்டு டனல் இருக்கிறது. எங்களுக்கு இரண்டுமே கிடையாது. தீப்பிடிக்கிற சரக்கை டனலுக்குள் விடமாட்டார்கள். துறைமுக வாயைத் தாண்ட அந்த வண்டிகளுக்கு இருந்த ஒரே வழி கீ பாலம்.

கீ பாலம் இருந்த 695 நெடுஞ்சாலை, ஊரைச் சுற்றிப் போகிற சுமார் 51 மைல் வட்டம். தென்கிழக்கில் ஒரு துண்டு போனதும் வட்டம் லாடமாகிவிட்டது. கர்ட்டிஸ் பேயில் சரக்கு ஏற்றி, எதிர்க்கரை டண்டாக்கில் ஒரு பங்க்கில் இறக்க வேண்டுமென்றால் மேற்கே போய், டௌசன் வழியாக ஊரையே பிரதட்சணம் செய்ய வேண்டும். பிள்ளையார் மாதிரி குறுக்கு வழி கிடையாது, மயில் ஏறிய தம்பி கதைதான் எங்களுக்கு. மாம்பழமும் கிடைக்காது.

ஒரு ஷிஃப்டில் ஓட்டுநர் 11 மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். நாலு லோடு அடித்தவர்கள் மூன்றோடு நிறுத்த வேண்டியதாயிற்று. லோடு கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு அது அப்படியே வீட்டுச் செலவில் விழுகிற துண்டு. டௌசன் பக்கத்துக்காரர்கள் வேறு, 'இத்தனை டேங்கர் எதற்கு எங்கள் பக்கம்?' என்று எங்களைத் திட்டுகிறார்கள்.

கடைக்காரன்:

பாலத்துக்கு ஏறுவதற்கு முந்தின கடைகளில் ஒன்று என்னுடையது. காபி, சாண்ட்விச், லாட்டரி. விடிகாலை நாலரைக்கே கூட்டம் வரும். மறுநாள் ரோடு செத்துப் போயிற்று. போலீஸ், பத்திரிகைக்காரர்கள் என்று ஒரு வாரம் நல்ல வியாபாரம், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஒன்றுமில்லை.

துறைமுகத் தொழிலாளிகள் பாடுதான் கஷ்டம். கப்பல் வந்தால் வேலை, வேலை இருந்தால் கூலி. உள்ளூர்ச் சங்கத்தில் மட்டும் சுமார் 2,400 பேர் என்பார்கள். விழுந்த பாலம் அடைத்திருந்த கப்பல் வழி முழு அகலத்துக்குத் திறந்தது ஜூன் 10-ல்தான். பதினோரு வாரம். ஊரில் அப்பா மளிகைக் கடையில் கடன் நோட்டு வைத்திருந்ததைக் கேலி செய்தவன் நான். ஏப்ரல் மாதம் நானே ஒரு நோட்டு வாங்கினேன். ஒருவர் விடாமல் கொடுத்துத் தீர்த்தார்கள். ஒருத்தர் மட்டும் வேலை தேடி நார்ஃபோக் போய், அங்கிருந்து தபாலில் செக் அனுப்பினார். தொகை 31 டாலர். அரசாங்கம் எனக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. வாங்கினேன். கடன் கடன்தானே.

இறந்த ஆறு பேரும் நடுராத்திரியில் பாலத்து ரோட்டில் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்தவர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடாரிலிருந்து வந்தவர்கள். என் கடைக்கு அவர்கள் வந்ததாக ஞாபகம் இல்லை. அதே மாதிரி மஞ்சள் சட்டைக்காரர்கள் வருவார்கள், முகம் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன்.

புதியவன்:

கப்பலில் இருந்தது நம்ம ஆட்கள்தானாமே? தூங்கிவிட்டார்களா?

தூத்துக்குடி இன்ஜினியர்:

இந்தக் கேள்விக்காகவே எழுதுகிறேன். நான் வேறு கம்பெனிக் கப்பலில் இன்ஜினியர். பாலத்தில் மோதியது, கொழும்புக்குக் கிளம்பிய டாலி என்ற கப்பல். அதில் வேலை பார்த்த 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். 984 அடி நீளக் கப்பலில் கரண்ட் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை போயிற்று. ஆபத்து என்று கப்பலில் இருந்த பைலட் (துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர்க்காரர்) சொல்லித்தான் போலீஸ் பாலத்தின் இரண்டு முனையிலும் வண்டிகளை நிறுத்தியது. தினமும் 30,000-க்கும் மேல் வண்டி போகிற பாலம் அது. அந்த ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்காமல் போயிருந்தால் கணக்கு வேறு.

அப்புறம் அந்தக் கப்பல் ஊழியர்கள் பட்ட பாடு. மேலே பாலத்து இரும்பு கிடக்க, கப்பலை விட்டு இறங்கவில்லை. மே 13-ல் வெடி வைத்து அந்த இரும்பைத் துண்டாக்கியபோதும் உள்ளேதான் இருந்தார்கள். விசாரணைக்குப் போன்களை வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்குப் போன் போனால் பேங்கும் போச்சு, வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. சிலர் ஒரு வருஷத்துக்கு மேல் ஊர் திரும்பவில்லை.

காரணம் 2025 நவம்பரில் வெளிவந்தது. ஒரு வயரின் மேல் ஒட்டியிருந்த லேபிள் தடுத்ததால் வயர் அதன் துளைக்குள் முழுசாக உட்காரவில்லை. அது கழன்றதில்தான் முதல் கரண்ட் கட். அதைப் படித்த நாளிலிருந்து நான் ஸ்விட்ச்போர்டு திறந்தால் ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்க்கிறேன். ஜூனியர் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மினியாபொலிஸ் பழசு:

2007 ஆகஸ்ட் 1, சாயங்காலம் ஆறு மணி. எங்கள் 35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலம் மிசிசிப்பியில் விழுந்தபோது நான் ஆபீஸிலிருந்து பத்து நிமிடம் லேட்டாகக் கிளம்பினேன். 13 பேர் போனார்கள். போன் லைன் கிடைக்காமல் என் மனைவி இரண்டு மணி நேரம் பட்ட அவஸ்தையை இன்னும் சொல்லிக்காட்டுவாள். எங்களுக்கு அடுத்த வருஷம் செப்டம்பரிலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். உங்களுக்கு எப்போது?

முருகன் ரூட்:

முதலில் 2028 என்றார்கள். இப்போது 2030. செலவும் 200 கோடி டாலருக்குள் என்றது 430 முதல் 520 கோடி என்று ஏறியிருக்கிறது. அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன்.

டண்டாக்வாசி:

2030-ல் என் பையன் மிடில் ஸ்கூல் போய்விடுவான், டே கேர் கவலை அதற்குள் தானாகவே தீர்ந்துவிடும்! சரி, அடுத்த வாரம் எனக்கு ஷிஃப்ட் மாறுகிறது. காலை ஏழு மணிக்கு எந்த டனல் தேவலை?

கடைக்காரன்:

895 தேவலை. ஆனால் மேட்ச் இருக்கிற நாளில் திரும்பி வரும்போது 95 பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.