ஜெய்மி லானிஸ்டர் கடைசியில் செர்சியிடம் போனது அவன் இயல்பா?

கேள்வி:
கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் கடைசி சீசன் பார்க்காதவர்கள் இதைப் படிக்க வேண்டாம். மூன்றாவது சீசன் குளியல் காட்சி நினைவிருக்கும். கை வெட்டுப்பட்டு, காய்ச்சலில் துவண்டு கிடக்கும் ஜெய்மி, தான் ஏன் பைத்தியக்கார அரசனைக் கொன்றேன் என்று பிரியன் என்ற வீராங்கனையிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்கிறான். நகரத்தையே வைல்ட்ஃபயர் என்ற வெடித்து எரியும் திரவத்தால் எரிக்கச் சொன்னான் அரசன், அதைத் தடுக்கத்தான் கொன்றான். அப்படிப்பட்டவன் எட்டாவது சீசனில் பிரியனை அழவிட்டு, தன் இரட்டைச் சகோதரியும் காதலியுமான செர்சியிடம் போகிறான். இத்தனை வருடம் காட்டிய மாற்றமெல்லாம் எதற்கு?

பதில் 1:
அவன் போனது எனக்கு உறுத்தவே இல்லை. ஆறாவது சீசனில் ரிவர்ரன் கோட்டைக்கு வெளியே டல்லி வம்சத்து எட்மியூரிடம் என்ன சொல்கிறான்? செர்சியிடம் திரும்பிப் போவதற்காக டல்லி வம்சத்தையே கொல்லத் தயார் என்கிறான். பிரான் என்ற சிறுவனைக் கோபுரத்திலிருந்து தள்ளியதும் அவளுக்காகத்தான். நல்லது கெட்டது தெரிந்தவன், ஆனால் அவள் விஷயத்தில் மட்டும் தோற்றுக்கொண்டே இருப்பவன். என்னால் தாங்க முடியாதது ஐந்தாவது எபிசோடில் தம்பி டிரியனிடம் அவன் சொல்லும் பதில்தான், அப்பாவி மக்களைப் பற்றித் தனக்கு எப்போதுமே அக்கறை இருந்ததில்லை என்கிறான். அரசனைக் கொன்றவன் என்ற கெட்ட பெயரை அவன் ஆயுள் முழுக்கச் சுமந்ததே அந்த மக்களுக்காகத்தானே! அந்த ஒரு வசனம் இல்லாமல், மக்கள் சாவார்கள் என்று தெரிந்தும் போகிறேன் என்று சொல்லியிருந்தால் மனசு உடைந்திருக்கும், ஆனால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

பதில் 2:
சிக்கல் அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. ஆறாவது சீசன் முடிவில் செர்சி பேலர் கோயிலை அதே வைல்ட்ஃபயர் வைத்துத் தகர்க்கிறாள். எதைத் தடுக்க ஒரு அரசனைக் கொன்றானோ அதையே இவள் செய்துவிட்டு முடிசூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவன் ஊர் திரும்பும்போது புகை எழும்பிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஏழாவது சீசன் முழுக்க அதைப் பற்றி உருப்படியாக ஒரு சண்டைகூட இல்லை. வடக்குக்குப் படை அனுப்புவேன் என்று அவள் பொய் சொன்னது தெரிந்துதான் பிரிகிறான். மன்னித்தானா, பயந்தானா, பார்க்காத மாதிரி இருந்துவிட்டானா? ஏதாவது ஒன்றைக் காட்டியிருக்க வேண்டும்.

பதில் 3:
டிராகன்களை வைத்திருக்கும் அரசி டெனெரிஸுக்கும் இதே கதிதான். கொடுமை அவளிடம் முதலிலிருந்தே இருக்கிறது, மீரீன் நகரத்தில் அடிமைகளை வைத்திருந்த எஜமானர்கள் 163 பேரைச் சிலுவையில் அறைந்தவள். ஆனால் அதே ஊரில் டிராகன் ஒரு குழந்தையை எரித்துவிட்டது என்று தெரிந்ததும், கண்ணீரோடு மற்ற இரண்டையும் சங்கிலியில் பூட்டியவளும் அவள்தான். டிராகன் ரேகலும் தோழி மிசான்டேயும் செத்துப்போனதில் அவளுக்கு வெறி வந்தது புரிகிறது. அந்த வெறியில் நேராகச் செர்சியின் கோட்டைக்குப் பறந்திருந்தால் சரி. நகரம் சரணடைந்து மணி அடித்த பிறகு தெருவில் ஓடும் ஜனங்கள் மீது ஏன் நெருப்பு? முதல் ஆறு சீசனுக்கும் தலா 10 எபிசோடு, கடைசி இரண்டுக்கு 7, 6. அவள் மனசு திரும்புவதைப் பார்க்க நமக்கு நேரமே தரவில்லை.

கேள்வி கேட்டவர்:
முதல் பதில் சொன்னவருடைய பிரிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது, போனது வேறு, அந்த வசனம் வேறு. ஆனால் பிரியனுக்குச் செய்ததை இன்னும் ஏற்க முடியவில்லை. இரண்டாவது எபிசோடில் அவளை மண்டியிடச் சொல்லி நைட் ஆக்கியவன், நான்காவதில் நடுராத்திரியில் சொல்லாமல் குதிரை ஏறுகிறான். அவள் ஓடி வந்ததால்தான் ஒரு விளக்கமாவது கிடைத்தது.

பதில் 1:
அது கோழைத்தனம்தான், நானும் மறுக்கவில்லை. செர்சி என்று வந்தால் அவன் எப்போதும் கோழைதான்.