கிட்டில் இரண்டாவது கோடு விழுந்தால்: நாங்கள் பார்த்தது, பட்டது

லேப் டெக்னீசியன், ராமநாதபுரம் மாவட்டம்

பன்னிரண்டு வருடமாக, எச்ஐவிக்குப் பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு நம்பிக்கை மையத்தில் வேலை. ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கிற கிட்டில் ஒரு கோடு, கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் கோடு. இரண்டாவது கோடும் விழுந்தால் எச்ஐவி தொற்று இருக்கலாம், கோடு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். "இருபது நிமிஷத்தில் ரிசல்ட் சொல்ற இந்தக் கிட்டை நம்பலாமா சார்" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். தாராளமாக நம்பலாம். ஆனால் ஒரே ஒரு கிட்டில் கோடு விழுந்ததை வைத்து யாருக்கும் எச்ஐவி என்று சொல்லவே கூடாது.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் பெரியவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 2 பேருக்குத்தான் எச்ஐவி இருக்கிறது. தொற்று இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் கிட் 99 சதவீதம் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்குப் பார்த்தால், நிஜமாகத் தொற்று உள்ள 2 பேருக்கும் கோடு வரும், தொற்றே இல்லாத சுமார் 10 பேருக்கும் வரும். அதாவது கோடு விழுந்த 12 பேரில் 10 பேர் நல்லவிதமாக இருப்பவர்கள். அதே கிட்டை ஆப்பிரிக்காவில், நாலில் ஒருவருக்குத் தொற்று இருக்கிற எஸ்வாத்தினியில் போட்டால், ஆயிரத்தில் 250 பேருக்கு உண்மையான கோடு, பொய்க்கோடு ஏழோ எட்டோதான். கிட் ஒன்றுதான், ஊர்தான் வேறு. அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் கிட்டில் கோடு வந்தவரை எங்களிடம் அனுப்புகிறார்கள், நாங்கள் வேறு வேறு வகையைச் சேர்ந்த மூன்று கிட்டில் பார்த்து, மூன்றிலும் வந்தால் மட்டுமே பாசிட்டிவ் என்று எழுதுகிறோம். 2019இல் உலக சுகாதார நிறுவனமே எல்லா நாடுகளும் மூன்று பரிசோதனை முறைக்கு மாற வேண்டும் என்று சொன்னது.

என்னுடைய தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மே மாத முகாம், தகரக் கூரை போட்ட அறை, கரண்ட் இல்லை, வெளியே நாற்பது பேர் வரிசையில். இருபது நிமிடத்துக்குள் படிக்க வேண்டிய கிட்டுகளை மேஜையில் அடுக்கிவிட்டு அடுத்தவர்களுக்கு விரலில் குத்திக்கொண்டே போனேன், திரும்பி வந்து பார்க்கும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று கிட்டில், பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி ஒரு கோடு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூன்று பேரையும் உட்கார வைத்து, புதுக் கிட் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி செய்தேன். ஒன்றிலும் கோடு இல்லை. நேரத்துக்குள் வருகிற கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கணக்கில் எடுக்க வேண்டும், நேரம் தாண்டிக் காய்ந்த பிறகு வருவது வெறும் கறையாக இருக்கலாம், அதை நம்பக் கூடாது. அந்த மூன்று பேரில் ஒரு பையனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். அவனிடம் அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வராது.

அப்புறம், கிட்டோடு வருகிற, ரத்தத்தோடு சேர்த்து விடும் திரவம் தீர்ந்துவிட்டால் வேறு கம்பெனி பாட்டிலை எடுத்து விடுவது, பெட்டியில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருந்தும் வெயில் படும் ஜன்னலோரம் வைப்பது, நம்பரை மாற்றி எழுதுவது, இதெல்லாம் நடக்கிறது. கிட்டின் மேல் வருகிற பழியில் பாதி இதில் சேர வேண்டியது.

இரண்டு குழந்தைகளின் அம்மா

மூத்தவன் வயிற்றில் ஐந்து மாதம். பக்கத்து டவுனில் ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்தோம். ஒரே கிட்டில் பார்த்துவிட்டு "பாசிட்டிவ்" என்று நீலப் பேனாவால் வட்டம் போட்டுச் சீட்டை என் மாமியார் கையில் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது நாள் என் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. என் வீட்டுக்காரர் என்னிடம் பேசவே இல்லை.

எங்கள் ஊர் நர்ஸம்மாதான் விஷயம் கேள்விப்பட்டு, "யாரும் எதுவும் பேசாதீங்க, முதல்ல ஜி.எச்சுக்கு வாங்க" என்று அவரையும் சேர்த்து நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போனார். முதல் கிட்டில் மறுபடியும் கோடு வந்தது, எனக்கு உயிரே இல்லை. அடுத்த இரண்டிலும் வரவில்லை. அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அக்கா கதவைச் சாத்திவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லைம்மா, சில பேர் ரத்தத்தில் வேற எதனாலயோ அந்த ஒரு கிட் மட்டும் இப்படிக் காட்டும்" என்றார். அந்தச் சீட்டு ரொம்ப நாள் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. போன வருடம் வெள்ளையடிக்கும்போது நானே எடுத்துக் கிழித்தேன். சம்மதம் கேட்காமல் பரிசோதிப்பதும், ரிசல்ட்டை அடுத்தவரிடம் சொல்வதும் 2017 எச்ஐவி சட்டப்படி கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

லாரி ஓட்டுகிறவன்

மேலே சொன்ன அந்த அம்மாவுக்கு நடந்ததற்கு நேர் எதிர் எனக்கு. தப்பு செய்த பத்தாவது நாள் போய்ப் பார்த்தேன், கோடு இல்லை. "மூணு மாசம் கழிச்சுக் கட்டாயம் வாங்க, உடம்பு வைரஸுக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்க நாளாகும், அதைத்தான் கிட் பார்க்குது" என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் போகவில்லை, ஒன்றும் இல்லை என்றே நம்பிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து டிபி வந்து படுத்தபோது மூன்று கிட்டிலும் கோடு. இப்போது தினமும் இரவு ஒரு மாத்திரை, அரசு இலவசமாகக் கொடுக்கிறது, வைரஸ் அளவு தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. சீக்கிரம் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் தயவுசெய்து இரண்டாவது தடவை போங்கள்.

ஓய்வு பெற்ற செவிலியர்

குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தொற்று இருந்தால் அவளுடைய ஆன்டிபாடி குழந்தை ரத்தத்திலும் இருக்கும், ஒன்றரை வயதுவரைகூட இருக்கும். அதனால் கைக்குழந்தைக்கு இந்தக் கிட்டில் கோடு வந்தாலும் குழந்தைக்குத் தொற்று என்று அர்த்தம் கிடையாது. ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு வைத்து, காயவைத்துப் பெரிய லேபுக்கு அனுப்புவோம், அங்கே வைரஸையே தேடிப் பார்ப்பார்கள். ஒரு பாட்டி தினமும் வந்து, "அந்த இருபது நிமிஷ டெஸ்ட்டைப் போட்டுச் சொல்லிடும்மா" என்று கெஞ்சுவார். முடியாது பாட்டி என்று சொல்லிச் சொல்லி எனக்கே அழுகை வந்துவிடும்.

பேத்திக்குப் பதினெட்டு மாதம் ஆன அன்று மூன்று கிட்டையும் பாட்டி கண் முன்னாலேயே வைத்துச் செய்தோம். மூன்றிலும் கன்ட்ரோல் கோடு மட்டும்தான். பாட்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அதற்குள் என் மேஜையில் இருந்த பஞ்சையெல்லாம் இழுத்துக் கீழே போட்டுவிட்டது.