புதுப்பிப்பு: கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லி ஹாஸுக்கு

இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பெர்க்லியின் ஹாஸ் வணிகப் பள்ளிக்கு டிரான்ஸ்ஃபர் ஆக விரும்புவோருக்காக, எந்தக் காலேஜ் பாடம் யூசியில் எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் பாடங்களைப் பொருத்திப் பார்ப்பது எப்படி என்று முன்பு எழுதியிருந்தேன். கீழே வந்த கேள்விகளில் பாதி டேக் எனும் உத்தரவாதச் சேர்க்கை பற்றியவை. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்: பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றிலும் டேக் கிடையாது. டேவிஸ், இர்வைன் போன்ற மற்ற 6 யூசி வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் போடலாம். அங்கும் மேஜர் (முதன்மைப் பாடம்) வாரியாக விலக்குகள் உண்டு. போடுவது செப்டம்பர் 1 முதல் 30 வரை. பெர்க்லிக்கு விண்ணப்பித்தாலும் இதையும் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

பலர் சறுக்குவது கால்குலஸில்தான். முதல் பகுதியை ஒரு காலேஜிலும் இரண்டாம் பகுதியை இன்னொன்றிலும் எடுத்தால், இரண்டும் சேர்ந்து ஒரு தொடராகப் பொருந்தாமல் போகலாம். சேர்வதற்குச் சற்று முன் வரும் கோடையை நம்பி முன்தேவைப் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கு முந்தைய வசந்த பருவத்துக்குள் முடித்துவிடுங்கள். இன்னொன்று: சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து ஜிபிஏவை (சராசரி மதிப்பெண்) ஏற்ற முடியாது. டி, எஃப் வந்தால்தான் மறுபடி எடுத்த மதிப்பெண்ணை யூசி கணக்கில் கொள்ளும்.

யூசி கேட்கும் 60 செமஸ்டர் யூனிட் என்பது யூசிக்கு மாற்றத்தக்க யூனிட். காலேஜ் கணக்கில் 60 காட்டுவது போதாது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டிய கட்டுரைகள் 4, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 350 சொற்கள். அதில் ஒரு கேள்வி டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்குக் கட்டாயம், மேஜருக்கான தயாரிப்பு பற்றியது. மற்ற மூன்றை 7-லிருந்து தேர்ந்தெடுக்கலாம்.

விண்ணப்பம் அனுப்பியதும் வேலை முடியவில்லை. இலையுதிர் பருவ மதிப்பெண்களை ஜனவரி 31-க்குள் டிரான்ஸ்ஃபர் அகாடமிக் அப்டேட் எனும் யூசியின் இணையப் படிவத்தில் ஏற்றுங்கள். விட்ட பாடம் இருந்தால் அதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.