கண்ணாடி மேல் ஆயில் பெயிண்ட் அனிமேஷன்: ஃபிளிக்கர், கறுத்துப் போகும் நிறம், பிசுபிசுப்பு

ஒளிமேசை:

மூன்று நிமிடப் படம், வசனம் கிடையாது. ஒரு கிழவியின் முகம் மெல்ல நிலமாக விரிகிறது, அந்த நிலத்தில் மழை பெய்கிறது, ஈரத்திலிருந்து ஒரு குழந்தையின் முகம் திரள்கிறது. கண்ணாடி மேல் ஆயில் பெயிண்ட் பூசி, கீழிருந்து வெளிச்சம் கொடுத்து, மேலிருந்து ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கிறேன். வினாடிக்கு 12 படம், ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம்.

அமைப்பு: 4 மி.மீ. கண்ணாடி, அதன் அடியில் ஒட்டினாற்போல் எல்.இ.டி. பேனல் (பாதி வெளிச்சத்தில்), டி.எஸ்.எல்.ஆர். கேமரா, 50 மி.மீ. ஆட்டோஃபோகஸ் லென்ஸ், எஃப் 11, ஷட்டர் 1/60. எல்லாம் மேனுவலில்தான் இருக்கிறது. பெயிண்ட்டை டர்பென்டைன் விட்டு இளக்குகிறேன்.

பத்து வினாடி சோதனையில் தெரிந்த சிக்கல்கள்: வெளிச்சம் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஏறி இறங்குகிறது. நரைமுடிக்கு வைத்த வெள்ளை கறுப்பாக விழுகிறது, சிவப்பு சேறு மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பெயிண்ட் பிசுபிசுத்து, துடைத்தால் ஓரம் இழுபடுகிறது. போகப் போக முகம் சிறுத்துக்கொண்டே வருகிறது. இந்த வெளிச்சத் துடிப்பை, அதாவது ஃபிளிக்கரை, எடிட்டிங்கில் மென்பொருள் வைத்துச் சரிசெய்துவிடலாமா, எடுக்கும்போதே தீர்க்க வேண்டுமா?

கறுப்புத்துணி:

எடுக்கும்போதே தீர்த்துவிடுங்கள். உங்கள் படத்துக்கு ஃபிளிக்கர் நீக்கும் மென்பொருள் நேர் எதிரி. அது பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களின் சராசரி வெளிச்சத்தை ஒன்றாக்கப் பார்க்கும். மழை வந்து திரை இருள வேண்டிய இடத்தில் நீங்கள் வேண்டுமென்றே பூசிய இருட்டையும் அது கோளாறு என்று எண்ணித் தூக்கிவிடும்.

முதலில் நோய் எங்கே என்று பாருங்கள். கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, எதையும் தொடாமல் 24 ஃபிரேம் எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். அப்போதும் துடித்தால் குற்றம் லென்ஸிலோ விளக்கிலோதான். அடுத்து, பேனலை அணைத்துவிட்டு அதே எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் வெளிச்சம் விழும் அளவு) ஒரு படம். முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் அது ஜன்னலிலிருந்தோ, கணினித் திரையிலிருந்தோ, உங்கள் சட்டையிலிருந்தோ வருகிற வெளிச்சம். நீங்கள் குனிந்து நிமிரும்போதெல்லாம் அது மாறும். கறுப்புச் சட்டை, ஜன்னலுக்குத் திரை, லென்ஸைச் சுற்றி நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு அட்டை. அந்த அட்டை போட்டால் கேமராவின் பிரதிபலிப்பும் கண்ணாடியில் விழாது.

உங்கள் அமைப்பில் முதல் சந்தேகம் எஃப் 11 மேல்தான், அதாவது அப்பர்ச்சர் எனும் லென்ஸ் துளையின் அளவு மேல். இந்த மாதிரி லென்ஸ் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அப்பர்ச்சர் இதழ்களை மூடித் திறக்கிறது, ஒவ்வொரு முறையும் அதே அளவுக்கு மூடுவதில்லை. துளை சிறிதாக இருக்க இருக்க அந்த மிகச் சிறிய வித்தியாசம் பெரிதாகத் தெரியும். அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கும் பழைய மேனுவல் லென்ஸை அடாப்டர் மூலம் மாட்டினால் பிரச்சினை ஒரேயடியாகப் போய்விடும், இதழ்கள் அசையவே அசையாது. சில கேமராக்களில் டெப்த் பிரிவியூ பொத்தானை (படம் எடுக்காமலே அப்பர்ச்சரை மூடிக் காட்டும் பொத்தான்) அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கொஞ்சம் திருகினால் மின்தொடர்பு அறுந்து, அப்பர்ச்சர் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். ஆனால் அப்போது லென்ஸின் பூட்டும் விலகியிருக்கும், கேமராவோ கீழ்நோக்கித் தொங்குகிறது. டேப் போட்டு இறுக்கமாகக் கட்டாமல் அதைச் செய்யாதீர்கள்.

தட்டையான கண்ணாடிக்கு எஃப் 5.6 தாராளம். எஃப் 11-இல் அடியிலிருக்கும் தூசும் சேர்ந்து ஃபோகஸில் விழும்.

அடுத்தது பேனல். பாதி வெளிச்சத்தில் வைத்தால் பல பேனல்கள் உண்மையில் மங்குவதில்லை, வேகமாக அணைந்து எரிகின்றன. 1/60 ஷட்டர் ஒரு தடவை கூடுதல் துடிப்பைப் பிடிக்கும், அடுத்த தடவை குறைவாகப் பிடிக்கும். பேனலை முழு வெளிச்சத்தில் வையுங்கள், ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் அரை வினாடி. மின்விளக்கு வினாடிக்கு 100 தடவை துடித்தாலும் அரை வினாடிக்குள் 50 துடிப்பு அடங்கிவிடும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அரை வினாடிக்கு வெளிச்சம் அதிகமானால் என்.டி. ஃபில்டர் (நிறம் மாற்றாமல் வெளிச்சத்தைக் குறைக்கும் லென்ஸ் கண்ணாடி) போடுங்கள், பேனலைக் குறைக்க வேண்டாம். வேலை தொடங்கும் முன் பேனல் அரை மணி நேரம் எரியட்டும். ஷட்டரைக் கையால் தொடாமல் கணினியிலிருந்து இயக்குங்கள். கேமராவுக்கு பேட்டரி வேண்டாம், நேரடி மின் இணைப்பு கொடுங்கள். நடுவில் பேட்டரி மாற்றினால் ஸ்டாண்ட் அரை மி.மீ. நகர்ந்தாலே திரையில் முழுப் படமும் குதிக்கும்.

இன்னொன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேமரா சட்டகத்தை இறுதிப் படத்தைவிட ஒரு விரற்கடை அகலமாக வைத்து, ஓரத்தில் பெயிண்ட்டே படாத வெறும் கண்ணாடிப் பட்டை ஒன்று எப்போதும் தெரியும்படி செய்யுங்கள். எந்த ஃபிரேமிலும் அந்தப் பட்டையின் வெளிச்ச அளவு மாறக் கூடாது. மாறினால் விளக்கின் வேலை, மாறாவிட்டால் தூரிகையின் வேலை. பிறகு எப்போதாவது மென்பொருள் தேவைப்பட்டாலும் அந்தப் பட்டையை மட்டும் அளவாக வைத்துத் திருத்தலாம், மழையின் இருட்டுக்கு ஒன்றும் ஆகாது.

தைலவண்ணம்:

வெளிச்சம் பற்றிக் கறுப்புத்துணி சொல்லிவிட்டார். நான் பெயிண்ட் பற்றி.

வெள்ளை கறுப்பாகத்தான் விழும். கீழிருந்து வெளிச்சம் வரும்போது டைட்டானியம் ஒயிட் வெறும் ஒரு தடுப்பு. காட்மியம் சிவப்பும் அப்படியே. இந்த முறையில் வெண்மை என்பது கண்ணாடிதான்: வெள்ளை வேண்டிய இடத்தில் பெயிண்ட்டைத் துடைத்தெடுங்கள். நரைமுடியை வைக்காதீர்கள், கீறுங்கள். முதலில் தலையை முழுக்க அடர்த்தியாகப் பூசி, ரப்பர் முனைக் கருவியாலோ கூராகச் சீவிய அழிப்பானாலோ ஒவ்வொரு இழையாக வெளிச்சத்தைத் திறந்துவிட வேண்டும்.

டியூபின் மேல் சின்னதாக ஒரு சதுரம் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே காலியாக இருந்தால் ஒளி ஊடுருவும் நிறம், பாதி நிரம்பியிருந்தால் நடுத்தரம், முழுக்க நிரம்பியிருந்தால் ஊடுருவாது. காலிச் சதுரம் மட்டும் வாங்குங்கள். தாலோ நீலம், குயினக்ரிடோன் சிவப்பு, டிரான்ஸ்பரென்ட் ஆக்சைடு பழுப்பு, இந்த மூன்றும் ஒரு கறுப்பும் இருந்தாலே உங்கள் கிழவிக்கும் மழைக்கும் போதும். நிறத்தின் ஆழம் பூச்சின் கனத்தைப் பொறுத்தது. அதே சிவப்பு மெல்லிசாக இருந்தால் கன்னம், தடித்தால் நிழல். வெறும் கண்ணாடி ஹிஸ்டோகிராமின் (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் காட்டும் கேமரா வரைபடம்) வலது ஓரத்தைத் தொடாமல் சற்று உள்ளே நிற்கும்படி எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள்.

பிசுபிசுப்புக்கு வருவோம். ஒரு மணி நேரத்தில் ஆயில் பெயிண்ட் காயாது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு நாள் கணக்கில் இறுகுவது. நீங்கள் பார்ப்பது டர்பென்டைன் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சும் கோந்து. அதுவும் பேனல் கண்ணாடியை ஒட்டியே இருப்பதால் சூடு சேர்ந்து சீக்கிரமே நடக்கிறது. பேனலை 8 முதல் 10 செ.மீ. கீழே இறக்குங்கள், நடுவில் 3 மி.மீ. பால்நிற அக்ரிலிக் ஒன்று வையுங்கள், எல்.இ.டி. புள்ளிகளும் மறைந்துவிடும். மேல் கண்ணாடி 6 மி.மீ. இருக்கட்டும், கை ஊன்றினாலும் வளையாது. பெயிண்ட் பூசும் தட்டுக்கு அக்ரிலிக் வேண்டாம், கீறல் விழும். ஒவ்வொரு கீறலிலும் நிறம் தங்கும்.

டர்பென்டைனுக்குப் பதில் வெள்ளைக் கனிம எண்ணெய், அதாவது பேபி ஆயில், ஒன்றிரண்டு துளி. அது காயவே காயாது. ஓவியர்கள் அதைத் தொடமாட்டார்கள், ஆனால் நீங்கள் எந்த ஓவியத்தையும் மாட்டி வைக்கப்போவதில்லையே! கிராம்பு எண்ணெயும் காய்வதைத் தள்ளிப்போடும், கோலிக்குண்டு அளவு பெயிண்ட்டுக்கு ஒரு துளிக்கு மேல் வேண்டாம், வாசனை தலைவலி தரும். அம்பர் (umber) எனும் மண்வகைப் பழுப்புகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் இறுகும், கறுப்பு மிகத் தாமதமாக. இரண்டையும் கலந்து வேலை செய்யும்போது ஒரு பகுதி நகரும், மறு பகுதி அடம்பிடிக்கும்.

விரலால் பூசினால் மெல்லிய நைட்ரைல் கையுறை போடுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடக் கூடாது. டியூபில் இருப்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய், அது ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போடுங்கள்.

ஒளிமேசை:

மிக்க நன்றி. வெறும் கண்ணாடிச் சோதனையிலும் துடிக்கிறது, ஆக லென்ஸ் அல்லது பேனல்தான். வெள்ளை பற்றிச் சொன்னது படத்தின் முகத்தையே மாற்றுகிறது. முகம் சிறுத்துப்போவதற்கும், ஒரே நாளில் முடியாத ஷாட்டை மறுநாள் தொடர்வதற்கும் வழி சொல்லுங்கள். 2,160 படங்களையும் முன்கூட்டியே பென்சிலில் வரைந்துகொள்ள வேண்டுமா?

மணல்கோடு:

வேண்டாம். அப்படி வரைந்தால் கண்ணாடி மேல் செய்வது நகலெடுக்கும் வேலையாகிவிடும், இந்த முறையின் உயிரே போய்விடும். இங்கே ஒவ்வொரு படமும் முந்தைய படத்தை அழித்துத்தான் பிறக்கிறது. கேரோலின் லீஃப் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் 1976-இல் செய்த 'தி ஸ்ட்ரீட்' படத்தைப் பாருங்கள். வெட்டு, அதாவது ஒரு காட்சி சட்டென்று முடிந்து அடுத்தது வருவது, வர வேண்டிய இடங்களில் பெயிண்ட்டே உருகி அடுத்த காட்சியாகிறது. கேமரா திரும்புவது போலத் தெரிவதுகூடக் கையால் பூசியதுதான். வெட்டு என்றால் கண்ணாடியை முழுக்கத் துடைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும், உருமாற்றம் என்றால் இருப்பதை நகர்த்தினால் போதும். உங்கள் கதை உருமாற்றத்தாலேயே ஆனது, சரியான முறையைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

வரைய வேண்டியது முக்கியமான ஏழெட்டு நிலைகள் மட்டும். கிழவி, கண்குழி பள்ளமாகும் நிலை, சுருக்கங்கள் உழவுச்சால் ஆகும் நிலை, இப்படி. அவற்றை டிராகன்ஃபிரேம் போன்ற, ஃபிரேம் ஃபிரேமாகப் படம் எடுக்க உதவும் மென்பொருளில் ஏற்றி, கேமரா காட்டும் படத்தின் மேல் மங்கலாகப் படிய வையுங்கள். கண்ணாடிக்கு அடியில் தாள் வைத்து வழிகாட்ட முடியாது, அது வெளிச்சத்தை மறைக்கும்.

முகம் சிறுப்பது துடைக்கும் வரிசையால். தலை இடமிருந்து வலமாக நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க ஓரத்தை முதலில் துடைத்துவிட்டு முன்பக்கம் பூசினால், கை எப்போதும் கொஞ்சம் அதிகமாகத் துடைத்துக் கொஞ்சம் குறைவாகப் பூசும். 50 படத்தில் தலை எலுமிச்சம்பழம் ஆகிவிடும். வரிசையைத் திருப்புங்கள்: முதலில் முன்பக்க ஓரத்தைப் பூசுங்கள், பிறகு உள்ளே கண், மூக்கு, வாயை நகர்த்துங்கள், கடைசியாகப் பின்பக்கத்தைத் துடையுங்கள். ஒவ்வொரு 12 படத்துக்கும் ஒருமுறை மங்கல் படத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஒரே படத்தில் சரிசெய்ய வேண்டாம், அடுத்த ஐந்தாறு படத்தில் பகிர்ந்து கொண்டுபோங்கள்.

அசையாத முகத்தை அப்படியே விட்டு எடுத்தால் திரையில் செத்துவிடும். பெயிண்ட் அதுவரை துடித்துக்கொண்டிருந்து சட்டென்று நின்றதும் கண் அதை ஸ்டில் போட்டோவாகப் படிக்கும். நிற்கும் இடங்களில் மூன்று படத்துக்கு ஒருமுறை ஓரங்களை லேசாகத் தொட்டுவிடுங்கள். இந்தத் துடிப்பும் கறுப்புத்துணி சொன்ன ஃபிளிக்கரும் ஒன்றல்ல. விளக்கின் துடிப்பு ஒழிந்தால்தான் கையின் துடிப்பு பார்ப்பவருக்குப் பொருளாகும். இரண்டும் சேர்ந்து இருந்தால் எல்லாமே கோளாறாகத் தெரியும்.

அலெக்சாண்டர் பெட்ரோவின் 'கடலும் கிழவனும்' (1999) 20 நிமிடத்துக்கு 29,000-க்கும் மேற்பட்ட படங்கள். விரல்நுனியால், பல அடுக்குக் கண்ணாடிகளில் பூசியது. நீங்கள் இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். கீழ்த்தட்டில் நிலம், 4 செ.மீ. மேலே முகம் என்றால், முகத்தைத் துடைக்கும்போது நிலம் அழியாது. ஆனால் தூசு படியும் பரப்பு இரட்டிப்பாகும்.

நாள் கணக்கு: ஒரு படத்துக்கு 5 நிமிடம் என்றால் 2,160 படத்துக்கு 180 மணி நேரம். அதனால் நிறுத்துமிடங்களை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள். முகத்தின் நடுவே நிறுத்தாதீர்கள், திரை முழுக்க மழையாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே சின்னத் தாவல் யார் கண்ணிலும் படாது. வேறு வழியில்லாமல் முகத்தில் நிற்க வேண்டியிருந்தால், பெயிண்ட்டைத் தொடாதபடி பெட்டி போட்டு மூடிவிட்டுப் போங்கள். மறுநாள் பேனல் சூடானதும் எதையும் தொடாமல் முதல் படம் எடுத்து, முந்தைய நாள் கடைசிப் படத்தோடு மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓரப் பட்டையின் வெளிச்ச அளவும் கண்ணின் இடமும் பொருந்திய பிறகே கை வைக்கலாம்.

தைலவண்ணம்:

மணல்கோடு சொன்னதோடு ஒன்று. பிசுபிசுப்பு கனிம எண்ணெயிலும் தீராவிட்டால் பெயிண்ட்டை விட்டுவிட்டு எண்ணெய் சேர்ந்த பிளாஸ்டிசின் களிமண்ணை யோசியுங்கள். இஷு பட்டேல் 'ஆஃப்டர்லைஃப்' (1978) படத்தில் அதைத்தான் கண்ணாடி மேல் மெல்லிசாகப் பரப்பி, கீழிருந்து வெளிச்சம் விட்டார். காயாது, வழியாது, மழைக்கோடுகளைக் கீறிவிடலாம். ஆனால் நிறங்கள் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. அதனால் முகத்துக்கும் நிலத்துக்கும் தனித்தனித் தட்டு, தனித்தனிக் கருவி.

ஒளிமேசை:

பேனலை இறக்கி, பழைய மேனுவல் லென்ஸ் மாட்டியாயிற்று. வெறும் கண்ணாடி 24 ஃபிரேமும் இப்போது அசையாமல் நிற்கிறது. மழைக்கு ஒலி முதலில் வேண்டுமா, படம் முதலிலா?

மணல்கோடு:

ஒலி முதலில். மழை வலுக்கும் இடம், ஓயும் இடம் இரண்டையும் ஒலித்தடத்தில் ஃபிரேம் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்பதால் முக்கியமான அடிகள் ஒற்றைப்படை ஃபிரேம் எண்ணில் விழும்படி ஒலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள், புதுப் படம் அங்கேதான் தொடங்குகிறது. மழைக்கோடுகளுக்கு மட்டும் ஃபிரேமுக்கு ஒரு படமாகப் போங்கள். 12-இல் எடுத்தால் மழை விழாது, விட்டு விட்டுக் குதிக்கும்.