மேற்குப் பயணப் பாடத்தில் ஓசேஜ் மக்களுக்கு ஒரே வரிதானா?

மிசூரிக்கரை:
என் மகள் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் பக்கம் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வாரமாக மேற்கு நோக்கிய பயணம்தான் பாடம். அதிபர் ஜெஃபர்சன் மேற்கை ஆராய அனுப்பிய லூயிஸும் கிளார்க்கும் 1804 மே மாதம் படகேறியதில் தொடங்கி, அட்டையில் கூண்டு வண்டி செய்து ஒட்டியதுவரை எல்லாம் ஆயிற்று. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓசேஜ் மக்களுக்குக் கிடைத்தது ஒரே வரி: 'பிறகு அவர்கள் கான்சஸுக்கு இடம்பெயர்ந்தார்கள்.' நாங்கள் வீடு வாங்கியிருக்கும் மண்ணே அவர்களுடையது. பாடத்தை அவர்களிடமிருந்து தொடங்கினால் என்ன?

வகுப்பறை:
ஐந்தாம் வகுப்புக்கு நானும் இதை எடுக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு முதலில் ஆவல் வர வேண்டும். ஆற்றின் போக்கை எதிர்த்துப் படகை இழுத்தது, வளைக்குள் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஊற்றி ப்ரெய்ரி நாய் என்கிற அணில் இன விலங்கு ஒன்றைப் பிடித்தது, இதெல்லாம்தான் அவர்களை உட்கார வைக்கிறது. ஒப்பந்தம், ஏக்கர், டாலர் என்று ஆரம்பித்தால் முதல் நாளே வகுப்பு கையை விட்டுப் போய்விடும். அப்புறம், ஓசேஜ் கதை என்றால் அவர்கள் நிலத்து எண்ணெய்ப் பணத்துக்காக 1920களில் அவர்களில் பலர் கொல்லப்பட்டதும் வரும். அதைப் பத்து வயதில் எப்படிச் சொல்வது?

மிசூரிக்கரை:
ப்ரெய்ரி நாய் இருக்கட்டும், அது என் மகளுக்கும் பிடித்தது. அதே 1804 கோடையில் லூயிஸ் ஏற்பாடு செய்து அனுப்பிய ஓசேஜ் தூதுக்குழு ஜூலையில் வாஷிங்டன் போய் ஜெஃபர்சனைப் பார்த்தது. இவர்கள் மேற்கே போக, அவர்கள் கிழக்கே போனார்கள். இது பிள்ளைகளுக்குப் பிடிக்காதா? அப்போது ஜெஃபர்சன் தன் கடற்படைச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். மிசூரி ஆற்றுக்குத் தெற்கே பெரிய தேசம் ஓசேஜ்தான், அந்தப் பக்கம் நாம் மிகவும் பலவீனமாக இருக்கிறோம், அவர்களோடு நல்லபடியாக இருந்தாக வேண்டும் என்கிறார். 1803-ல் அமெரிக்கா பிரான்சிடம் 1.5 கோடி டாலருக்கு வாங்கிய நிலத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்பது இதிலேயே தெரிகிறதே.

அடுத்த நான்கு வருடத்தில் என்ன ஆனது? ஓசேஜ் மக்களின் நிலத்தை வாங்கிய 1808 ஒப்பந்தத்தை முதலில் பேசி முடித்தவர் இதே கிளார்க். ஆளுநராகிவிட்ட லூயிஸ் அதைத் திருத்தி எழுதினார். இன்றைய மிசூரியின் பெரும்பகுதியும் ஆர்கன்சாவின் வடக்கும் சேர்ந்து சுமார் 5 கோடி ஏக்கர் போனது. கையில் கொடுத்தது 1,200 டாலர், வருடத்துக்கு 1,500 டாலர் பெறுமான சரக்கு. தான் நரகத்துக்குப் போவதானால் அந்த ஒப்பந்தத்துக்காகத்தான் இருக்கும் என்று கிளார்க்கே பிற்காலத்தில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. படகில் போன இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து அவர்கள் செய்ததைச் சொல்லாமல் விடுவது பாதிப் பாடம்.

புல்வெளி:
இரண்டு பேருமே ஓசேஜ் மக்களை யாராவது ஏதாவது செய்கிற ஆட்களாகவே வைத்துப் பேசுகிறீர்கள். பிரெஞ்சு வணிகத்தில் வந்த துப்பாக்கியோடு காடோ, விச்சிட்டா போன்ற மக்களைப் பின்னுக்குத் தள்ளிய வல்லரசு அது. அதையும் மறைக்கக் கூடாது. நிலம் போன பிறகும் சும்மா இருந்துவிடவில்லை. கான்சஸ் நிலத்தை விற்று வந்த பணத்தில் 1872-ல் செரோக்கி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடமிருந்து சுமார் 15 லட்சம் ஏக்கரை விலைக்கு வாங்கினார்கள். இன்றைய ஓக்லஹோமாவின் ஓசேஜ் கவுன்டி அதுதான். சொந்தக் காசில் வாங்கிய பலத்தில் நின்று பேசித்தான், 1906-ல் நிலம் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டபோதும் நிலத்தடி எண்ணெயை மொத்த மக்களுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். 2006-ல் தங்கள் மொழிக்கென்று தனி எழுத்தும் உருவாக்கினார்கள். அந்த எழுத்தில் பிள்ளைகள் ஒரு சொல்லாவது எழுதிப் பார்க்கட்டும். கூண்டு வண்டி ஒட்டுகிற நேரம் அதற்குப் போதும்.

வகுப்பறை:
அந்த எழுத்து யோசனை நல்லது, புல்வெளி. கிளார்க் விஷயத்தில் மிசூரிக்கரை சொல்வதையும் ஏற்கிறேன், 1804-ஐயும் 1808-ஐயும் சேர்த்தே எடுக்கலாம். ஆனால் தொடக்கம் படகுதான். கொலைகள் எட்டாம் வகுப்புக்கு. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

புல்வெளி:
எட்டாம் வகுப்பில் கட்டாயம் எடுப்பார்களா? 2021-ல் ஓக்லஹோமாவில் ஹெச்.பி. 1775 என்ற எண்ணில் ஒரு சட்டம் வந்தது. இனத்தின் பேரால் மாணவர் குற்ற உணர்வோ சங்கடமோ கொள்ள வேண்டும் என்று பாடத்தில் வரக் கூடாது என்றார்கள். கொலைகள் நடந்த அதே மாநிலத்தில், இதை எடுக்கலாமா என்று ஆசிரியர்களே தயங்கினார்கள். பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது அப்படியே விட்டுப்போய்விடும் என்பதுதான் என் பயம்.

மிசூரிக்கரை:
நான்காம் வகுப்பில் கொலை விவரம் வேண்டாம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'இடம்பெயர்ந்தார்கள்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. பறவைதான் இடம்பெயரும். 1808, 1818, 1825 என்று மூன்று முறை கையெழுத்து வாங்கி அல்லவா கான்சஸுக்குத் தள்ளினார்கள்? 1808-ல், ஒப்பாதவர் இனி நண்பர் இல்லை என்று சொல்லியே வாங்கினார்கள். 'வெளியேற்றப்பட்டார்கள்' என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாதா? என் மகள், 'யார் வெளியேற்றியது?' என்று கேட்பாள். கேட்கட்டும்.

வகுப்பறை:
என் பாடத்தாளிலும் 'இடம்பெயர்ந்தார்கள்' என்றுதான் இருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நாளைக்கே மாற்றுகிறேன்.