மார்கழி 30 நாள், 30 சிக்குக் கோலம்: முடித்தாச்சு! உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்

காந்தல்காரி:

போகியன்று காலை கடைசிக் கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்து கும்பட்டி அடுப்பில் குளிர் காய்ந்தேன். அப்போதுதான் இந்த ஒரு மாதத்தில் எது நன்றாக நடந்தது என்று யோசித்தேன். என்ன சொதப்பினேன் என்பதை வீட்டிலேயே தினமும் ஒருவர் சொல்லிவிடுவார், அது இங்கே வேண்டாம்.

முதலில் ஒரு உண்மை. எட்டு வருஷமாக எங்கள் வாசலில் இருந்தது ஸ்டிக்கர் கோலம். ஊட்டிக் குளிரில் காலை ஐந்தரைக்கு யார் குனிந்து புள்ளி வைப்பது என்று அம்மாவிடம் சொல்லியே காலத்தை ஓட்டினேன். இந்த மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் அந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை கிழிந்து தொங்கியது, சரி, இதுதான் சாக்கு என்று முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இவ்வளவுதான்: சிக்குக் கோலம் (புள்ளிகளைச் சுற்றி இழையை வளைத்துப் போடுவது) மட்டும், ஒன்றை இரண்டாம் முறை போடக் கூடாது, போனைப் பார்த்துப் போடக் கூடாது, ஒன்பது புள்ளிக்கு மேல் போகக் கூடாது. கடைசி விதிதான் என்னைக் காப்பாற்றியது. முதல் நாள் இருந்த வேகத்தில் 15 புள்ளி வைத்திருந்தால் நான்காம் நாளே படுத்திருப்பேன்.

கோலப்பொடி இங்கே இரவோடு இரவாக ஈரம் குடித்துக் கட்டியாகிவிடும், விரலிடுக்கில் நழுவாது, பொத் பொத்தென்று விழும். மூன்றாம் நாள் வாணலியில் போட்டு லேசாக வறுத்தேன். வீட்டில் சிரித்தார்கள், ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக இழை இழையாக இறங்கியது. அதற்கப்புறம் தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு கரண்டி பொடி வறுப்பது எனக்கு மாத்திரை போடுவது மாதிரி ஆகிவிட்டது. உறைபனி விழும் நாளில் வாசல் தெளிக்கவே கூடாது என்பதைப் பட்டுத்தான் கற்றேன். தெளித்த தண்ணீர் கண்ணாடியாக இறுகி, நான் குடத்தோடு சறுக்கி, எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். பிறகு முந்தின நாள் சாயங்காலமே கழுவிக் காயவிட்டு, காலையில் விளக்குமாறு மட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. வாசலில் குனிந்திருந்த அந்த அரைமணி நேரத்தில் எனக்குப் பின்னால் வந்து நின்றவர்களைப் பற்றி.

எங்கள் தெரு வழியாக விடிவதற்கு முன்பே கேரட் பிடுங்க ஆட்கள் போவார்கள். ஸ்வெட்டர், அதற்கு மேல் பழைய சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. நான்காம் நாள் அவர்களில் ஒரு அக்கா நின்றார். நான் பெருமையாக நிமிர்ந்தேன். அவர் கோலத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்த மூலையில ஒரு புள்ளி தனியா நிக்குதே, அதுக்குக் குளிராதா?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார். பார்த்தால் உண்மைதான், ஒரு புள்ளியை இழை சுற்றவே இல்லை. சிக்குக் கோலத்தில் எந்தப் புள்ளியும் இழைக்கு வெளியே நிற்கக் கூடாது என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், ஆனால் அந்தக் குளிர்க் கேள்விக்குப் பிறகு ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. அந்த அக்கா பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. தினமும் அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு பயம் வந்தது, அதுதான் என் அலாரம்.

இன்னொருவன் பத்தாவது படிக்கும் பக்கத்துத் தெருப் பையன், டியூஷனுக்குப் போகிறவன். ஒரு நாள் 6 வரிசை, வரிசைக்கு 4 நேர்ப்புள்ளி வைத்து, நடுவில் எங்கும் வளைத்துத் திருப்பாமல் சாய்வாகவே இழுத்துக்கொண்டு போனேன். எத்தனை முறை அழித்துப் போட்டாலும் ஒரே இழையாக வரவில்லை, இரண்டு தனித்தனி வளையமாகத்தான் முடிந்தது. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். அவன் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். மறுநாள் வந்து, "அக்கா, 6-க்கும் 4-க்கும் மீ.பொ.வ. 2. அதான் ரெண்டு வளையம்" என்றான். மீ.பொ.வ. என்றால் இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். நான் நம்பவில்லை. அன்றைக்கே தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன்: 5-க்கு 5 வைத்தால் ஐந்து வளையம், 5-க்கு 6 வைத்தால் ஒரே இழை, 9-க்கு 6 வைத்தால் மூன்று. கச்சிதமாக வருகிறது! எங்கள் அம்மா "இந்தக் கணக்குல புள்ளி வெச்சா ஒத்தக் கம்பி வராதுடி" என்று சொல்வது இதுதானா என்று உடனே போன் போட்டேன். அவருக்கு மீ.பொ.வ. தெரியாது, ஆனால் எந்தக் கணக்கு வராது என்பது வரிசையாகத் தெரிந்திருக்கிறது. வராத கணக்கிலும் வரவழைக்கும் வழியைச் சொன்னார்: இரண்டு வளையமும் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில் குறுக்கே போகாமல் திரும்பிவிடு, இரண்டும் ஒன்றாகிவிடும். போட்டேன், ஆனது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள் என்பதை அப்புறம்தான் படித்தேன். என் வாசலுக்கு அது சைக்கிளில்தான் வந்தது.

மற்றபடி ஒரு காட்டெருமை 22-ஆம் நாள் கோலத்தின் மேல் நிதானமாக நடந்து போனது. நான் கேட்டுக்குப் பின்னாலிருந்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளம்பு இரண்டும் சரியாகப் புள்ளிகளுக்கு நடுவில் பதிந்திருந்தன, அதை அழிக்க மனசு வரவில்லை.

உங்களில் யாராவது இப்படி நாள் கணக்கு வைத்து ஏதாவது செய்து முடித்திருந்தால் எழுதுங்கள். யார் வந்து நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து.

குன்னூர் பேனா:

நான் போட்டது படம். குன்னூரிலிருந்து உதகை வரை குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை என்று ஆறு ஸ்டேஷன், ஒன்றுக்கு ஐந்து படம், மொத்தம் 30. பால் பாயிண்ட் பேனா மட்டும். வாட்டர்கலர் எடுத்துப் போன முதல் இரண்டு நாளும் மூட்டத்தில் சாயம் காயவே இல்லை, டீக்கடைக்காரர் பாவம் பார்த்து பாய்லர் பக்கத்தில் காயவைத்துக் கொடுத்தார், படத்தில் இன்றும் டீ வாசனை. பேனாவும் குளிரில் மக்கர் பண்ணும், அக்குளில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் எழுதும்.

எனக்கு நடந்த நல்லது ஒரு அவமானம். குன்னூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் நீராவி வண்டியை ஞாபகத்திலிருந்து வரைந்துகொண்டிருந்தேன். எஞ்சின் முன்னால், புகை பின்னால், பெட்டிகள் வரிசையாக, நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், மப்ளரை இறக்கிவிட்டு, "தம்பி, இந்த வண்டியை எஞ்சின் இழுக்காது. தள்ளும்" என்றார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம். ஏறும்போது எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான், இடையில் கொக்கி கழன்றால்கூட பெட்டிகள் பின்னால் உருண்டு போகாமல் எஞ்சின் தாங்கும் என்று விளக்கினார். கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓரடி ஏற்றம், நடுவில் பல்தண்டவாளம், அதில் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஒரு ஆள் இருப்பார். 1899-லேயே குன்னூர் வரை வந்துவிட்ட ரயில். நான் இதே ஊரில் பிறந்து, எத்தனையோ தடவை அதில் போய், ஒரு நாளும் அதைப் பார்க்கவில்லை! அந்தப் படத்தைக் கிழிக்காமல், பக்கத்திலேயே சரியான படத்தையும் போட்டு வைத்திருக்கிறேன்.

காந்தல்காரி சொல்வது சரிதான். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்திருந்தால் 30 தப்பான படம் கிடைத்திருக்கும்.

கோத்தகிரி குழல்:

நான் முடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தினமும் விடியற்காலை கோயில் திண்ணையில் உட்கார்ந்து புல்லாங்குழல், 21 நாள் என்று ஆரம்பித்தேன். 11-ஆம் நாள் பின்னால் மூச்சுச் சத்தம். யாரோ பெரியவர் கேட்கிறார் என்று இன்னும் உருகி வாசித்தேன். கரடி. விளக்கு எண்ணெய்க்கு வந்திருக்கிறது, என் வாசிப்புக்கு இல்லை. இப்போது காலை பத்து மணிக்கு வாசிக்கிறேன், ஸ்ருதி கொஞ்சம் நடுங்குகிறது.

பூம்பாறைப் பக்கம்:

நீலகிரிக்காரர்களுக்கு நடுவில் பழனி மலைக்காரன் ஒருவன். வேலை கொடைக்கானலில், வீடு பூம்பாறை. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நாளுக்கு ஒரு குறள் வெண்பா எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். போக வர பஸ்ஸில்தான் எழுதினேன். ஏழே சீர், கொண்டை ஊசி வளைவில் தளை தட்டினால், அதாவது சீருக்குச் சீர் ஓசை சேராமல் போனால், அடுத்த வளைவுக்குள் சரிசெய்துவிடலாம். ஈற்றுச் சீர், அதாவது கடைசிச் சீர், நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை வாய்ப்பாட்டில் ஒன்றில் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறதே, அதைத் தொந்தரவு என்று நினைத்தவன் நான், இருபது நாள் கழித்து அதுதான் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது. எங்கே முடிக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய நிம்மதி.

ஒரு நாள் எங்கள் ஊர் மலைப்பூண்டைப் பற்றி எழுதி, "வெள்ளி போல் வெளுத்த" என்று எதையோ போட்டிருந்தேன். அதற்கு 2019-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறதே, அந்தப் பெருமை. பூண்டைப் புகைமூட்டம் போடும் பாட்டி ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். "புகையில தொங்குற பூண்டு எங்கடா வெள்ளையா இருக்கு? வந்து பாரு" என்று உள்ளே இழுத்துப் போனார். கண் எரிந்தது, மேலே கொத்துக் கொத்தாகப் பூண்டு பழுப்பேறித் தொங்கியது. கெடாமல் இருக்கவும் விதைக்கு எடுத்து வைக்கவும் புகை காட்டுவது தெரியும், நிறத்தைப் பார்த்ததே இல்லை. அங்கேயே நின்று மாற்றினேன்:

புகையேறிப் பூண்டு பழுத்தநிறம் கொள்ளும்
நகையேறும் பாட்டி முகம்.

48-இல் தேறியது என்று நானே ஒத்துக்கொள்வது ஒரு ஏழெட்டு, அதில் இது ஒன்று. பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "என் மூஞ்சிய ஏன்டா பூண்டோட சேக்குற" என்றார்.

காந்தல்காரி:

குன்னூர்ப் பெரியவரையும் பூண்டுப் பாட்டியையும் என் கேரட் அக்காவோடு ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நாம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், பேச்சு எப்படிப் போகும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. கோத்தகிரிக்காரர் மீதிப் பத்து நாளையும் முடியுங்கள், பத்து மணிக்கு வாசித்தாலும் கணக்குத்தான்.

தனிச்செய்தியில் படம் கேட்டவர்களுக்கு: 30-இல் என்னிடம் இருப்பது 11 தான், மீதி நாட்களில் விரல் மரத்துப்போய் போனைத் தொட்டால் வேலை செய்யவில்லை. காட்டெருமைக் குளம்புக் கோலம் இருக்கிறது, இன்று சாயங்காலம் போடுகிறேன். 17-ஆம் நாள் படத்தைப் பார்த்துவிட்டு வெறும் தரையை ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு வாசல் முழுக்க உறைபனி, வெள்ளை மேல் வெள்ளை. 7-க்கு 6, ஒரே இழை, நடுவில் இருக்கிறது. நம்புங்கள்.